அவரைக்கு எப்படி கொடி ஏத்தணும்: குச்சி, கயிறு, பந்தல் எல்லாம் சேத்து ஒரு முழு வழிகாட்டி

பாகல், புடலை, பீர்க்கனுக்கு கட்டுன அதே வலைல அவரையையும் விட்டுட்டு "இது மட்டும் ஏன் கீழயே சுருண்டு கெடக்கு"ன்னு கேக்குறவங்க நெறைய பேர், நானும் அப்படிக் கேட்டவன்தான். தாம்பரம் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடில ஏழு வருஷமா கொடிக்காய் போடுறேன், அதுல மொத ரெண்டு வருஷம் அவரைகிட்ட தோத்துப்போன வருஷம். விதை நல்ல விதை, மண்ணும் நல்லாத்தான் இருந்துச்சு, கட்டுன விதம்தான் தப்பு.

பாகல்கொடிய கிட்ட போய் பாத்தீங்கன்னா கணுவுக்கு கணு ஸ்பிரிங் மாதிரி ஒரு சுருள் இருக்கும், ஸ்கூல் புக்ல பற்றுக்கம்பின்னு போட்டிருப்பாங்களே அதான். கை மாதிரி அது நீண்டு எது கெடச்சாலும் பிடிச்சுக்கும், குறுக்குக் கயிறு, வலை, பக்கத்து செடியோட காம்பு, துணி காயப்போடுற கொடிகூட விடாது. அவரைக்கும் காராமணிக்கும் பீன்ஸுக்கும் அந்தக் கை கெடையாது. அது தன் தண்டையே கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு எதையாவது சுத்திச் சுத்தி மேல போகுது, அவ்ளோதான் அதுக்குத் தெரிஞ்ச வித்தை. அதனால அதுக்கு வேண்டியது நெட்டுக்குத்தா நிக்கிற, ஒல்லியான, சொரசொரப்பான, ஆடாத ஒண்ணு. கீழ சொல்லப்போற எல்லாமே இந்த ஒரு விஷயத்துலேர்ந்து வர்றதுதான், இதைப் புரிஞ்சுக்கிட்டா மிச்சத்தை நீங்களே உங்க இடத்துக்கு ஏத்தமாதிரி மாத்திக்கலாம்.

மொதல்ல எந்தக் காய்னு முடிவு பண்ணுங்க

கடைல அவரை விதைன்னு கேட்டா குத்து அவரையும் குடுப்பாங்க கொடி அவரையும் குடுப்பாங்க. குத்து அவரைக்கு பந்தல் வேண்டாம், ரெண்டடில நின்னுடும், காத்துக்கு சாயாம ஒரு குச்சி போதும். கொத்தவரையும் கொடி கெடையாது, பேருல "அவரை" இருக்குன்னு அதுக்குப் போய் கயிறு கட்டி வச்சிட்டு ஏறலியேன்னு உக்காந்திருந்த ஒரு நண்பர் எனக்கு உண்டு.

கொடியா போறதுன்னா வீட்டுத்தோட்டத்துக்கு முக்கியமா மூணு. ஒண்ணு நாட்டுக் கொடி அவரை, பட்டை அவரை, கோழி அவரைன்னு ஊருக்கு ஊர் பேரும் காயும் மாறும். இது பெரிய ஆள், இடம் குடுத்தா பத்துப் பதினஞ்சு அடி ஓடும், மாசக்கணக்குல நிக்கும். நாட்டு ரகம் பெரும்பாலும் பகல் நேரம் குறைஞ்சாத்தான் பூக்கும், அதனாலதான் ஆடில போட்டு மார்கழி தைல காய் பறிக்கிறது, மாசில போட்டுட்டு வெறும் இலையா வருதுன்னா அது செடியோட குத்தம் இல்ல. ரெண்டாவது கொடிக் காராமணி, சில ஊர்ல பயத்தங்காய், ஒரு முழத்துக்கு நீளமா தொங்குமே அது. இது சின்ன ஆட்டக்காரன், அம்பது அறுபது நாள்ல காய்க்கு வந்துடும், மூணு மாசத்துல கணக்கு முடிஞ்சிடும், வெயிலுக்கும் அசராது. மூணாவது கொடி பீன்ஸ், இது கொடைக்கானல், ஊட்டி மாதிரி குளிர்ச்சியான இடத்து சரக்கு, சமவெளில போட்டா மார்கழி தைல ஏதோ கொஞ்சம் காய்க்கும், சூடு ஏறுனதும் பூவெல்லாம் கொட்டிடும். சிறகவரையும் வாளவரையும் இதே மாதிரி சுத்துற ஜாதிதான், ஆனா வாளவரை காய் கனம், அதுக்கு அவரைக்கு சொல்றதைவிட பலமா கட்டணும்.

காராமணிக்கு மூணு மாசம் தாங்குற கட்டு போதும், அவரைக்கு ஆறு ஏழு மாசம், அதுவும் நடுவுல ஒரு மழைக்காலத்தையே தாங்கணும். இந்த வித்தியாசத்த கணக்குல எடுக்காமத்தான் பாதிப் பேர் மார்கழில பந்தல் சரிஞ்சு காயோட தரையில கெடக்குன்னு போட்டோ போடுறாங்க.

இடம் பாக்குறது

குறைஞ்சது ஆறு மணி நேரம் வெயில் வேணும், இது எல்லாரும் சொல்றதுதான். அவரை காய்க்கிற மார்கழி தைல நம்ம ஊர்ல சூரியன் தெக்கால சாஞ்சு போகும், அதனால உயரமா நிக்கப்போற கொடிய தோட்டத்தோட வடக்கு ஓரத்துல வச்சீங்கன்னா அதோட நிழல் மத்த செடி மேல விழாது. தெக்கு ஓரத்துல வச்சா தக்காளியும் கத்திரியும் நிழல்ல நிக்கும். நான் ஒரு வருஷம் அப்படி வச்சு தக்காளி ஒண்ணுகூட பழுக்காம போச்சு.

அப்புறம் காத்து. பல்லடம், உடுமலை, தேனி, தென்காசி பக்கம்னா ஆடிக் காத்துதான் எமன், செடி சின்னதா இருக்கும்போதே வந்து அடிக்கும், அங்க கொடி ஏறத்தொடங்குற அந்த மூணு வாரம்தான் கண்டம். சென்னை, கடலூர், நாகை பக்கம் கதை தலைகீழ், ஆடில ஒண்ணும் ஆகாது, ஐப்பசி கார்த்திகைல பந்தல் முழுக்க இலையா மூடி பாய்மரம் மாதிரி நிக்கும்போதுதான் புயல் வரும். உங்க ஊர் எதுன்னு பாத்து எப்போ கட்டு பலமா இருக்கணும்னு முடிவு பண்ணிக்கோங்க.

கட்டிட்டு விதைங்க, விதைச்சிட்டு கட்டாதீங்க

செடி வரட்டும் பாத்துக்கலாம்னு விட்டா என்ன ஆகும்னா, முளைச்சு மூணு நாலு வாரத்துல திடீர்னு ஒருநாள் நுனி நீண்டு கொடி வீச ஆரம்பிச்சுடும், அப்போ பிடிக்க எதுவும் இல்லன்னா பக்கத்து செடியச் சுத்தும் இல்ல தன்னைத்தானே சுத்தி முறுக்கிக்கும். அதுக்கப்புறம் கடப்பாரைய எடுத்துக்கிட்டு குழி தோண்டப் போனா வேர் அறுந்துபோகும். அவரை வேரு நோண்டுனா கோவிச்சுக்குற ஜாதி. அதனால தூண் நட்டு, மேல கம்பி கட்டி, கயிறு தொங்கவிட்டு எல்லாம் முடிச்சப்புறம் விதை போடுங்க.

என்ன பொருள்

கம்புக்கு சவுக்கு கெடச்சா சவுக்கு, இல்லைன்னா மூங்கில், நகரத்துல சென்ட்ரிங் சாமான் விக்கிற கடைல ரெண்டுமே கெடைக்கும். மூங்கில் வாங்கும்போது தட்டிப் பாருங்க, பச்சையா ஈரமா இருக்குறத வாங்குனா ரெண்டு மாசத்துல வெடிச்சுக்கும். ஊர்ல இருக்குறவங்களுக்கு துவரைமார், பருத்திமார், அதாவது அறுவடை முடிஞ்சு காஞ்ச செடி, கெடைச்சா காராமணிக்கு அதைவிட நல்லது எதுவும் கெடையாது, கிளைகிளையா சொரசொரன்னு இருக்கும், அப்படியே ஊனிவிட்டா போதும், காசு செலவே இல்ல. பச்சை முருங்கைக் கொம்ப மட்டும் தூணா நடாதீங்க, அது துளிர்விட்டு மரமாகிடும். தோட்டம் பெருசுன்னா அதுவும் ஒரு யோசனைதான், எங்க அம்மா ஊரு நத்தம் பக்கம், அங்க முருங்கை மரத்து மேலயே அவரைய ஏத்திவிட்டுடுவாங்க. ஆனா பறிக்கிறதுக்கு தொரட்டி வேணும், மேல இருக்குறது பாதி அணிலுக்கு.

பிவிசி பைப்ப பத்தி கொஞ்சம் மனசுவிட்டுப் பேசணும். வீடியோல பாக்க அழகா வெள்ளையா சதுரமா இருக்கும். ஒரு இஞ்ச் பைப்புல பந்தல் போட்டா காய் பிடிக்கிற நேரத்துல நடுவுல தொட்டில் மாதிரி வளைஞ்சிடும். அது போக வழவழன்னு இருக்குறதால கொடி சுத்துனாலும் பிடி கெடைக்காம சரசரன்னு கீழ இறங்கிடும். வாங்கியாச்சு என்ன பண்றதுன்னா, உள்ள ஒரு மூங்கில சொருகுங்க, வெளிய தேங்கா நார்க் கயிற அரை அடிக்கு ஒரு சுத்து சுத்திவிடுங்க, ரெண்டு பிரச்சனையும் தீரும். பட்ஜெட் இருந்தா ஒரு இஞ்ச் ஜிஐ பைப், அது ஒரு தடவை வாங்குனா வாங்குனதுதான். வெல்டிங் பட்டறைல பைப்போட முனைல வளையம் வச்சுத் தரச் சொல்லுங்க, கட்டுக்கம்பி வழுக்காம இருக்கும்.

குச்சியோட தடிமன், அதான் மொத்தம், அதைப் பத்தி. கட்டைவிரல் மொத்தம் அருமை, மணிக்கட்டு மொத்தம் வரைக்கும் சமாளிக்கும், அதுக்கு மேல போனா இளம் கொடி சுத்தி வர முடியாம விழுந்துடும். தூண் மொத்தமா இருந்தா பரவாயில்ல, தூண்ல ஏத்தாதீங்க, பக்கத்துல ஒரு கயிறு விட்டு அதுல ஏத்துங்க.

கயிறுல காராமணிக்கு சணல், அவரைக்கு தேங்கா நார். சணல் மழைல நனைஞ்சு நனைஞ்சு மூணு நாலு மாசத்துல இத்துப்போகும், காராமணிக்கு அது வசதி, முடிஞ்சதும் கொடியோட சேத்து அறுத்து அப்படியே கம்போஸ்ட்ல போட்டுடலாம். அவரைக்கு சணல் கட்டுனா சரியா காய் பிடிக்கிற நேரத்துல அறும், எனக்கு அறுந்துச்சு, ஒரே ராத்திரில நாலு கயிறு.

நைலான் வலை நான் இப்போ வாங்குறதில்ல. வேலை சுலபம், ஒத்துக்கிறேன், ஆனா சீசன் முடிஞ்சு காஞ்ச கொடிய அந்த ஓட்டை ஓட்டையிலேர்ந்து பிரிச்செடுக்குறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போகும், ஓணானும் குருவியும் மாட்டிக்கிறது வேற. வாங்குறதா இருந்தா ஓட்டை நாலு இஞ்சுக்குக் குறையாம பாத்துக்கோங்க, இந்தப் பக்கத்துலேர்ந்து கை விட்டு அந்தப் பக்கக் காய பறிக்க முடியணும். வலைய தொளதொளன்னு விடாம நல்லா இழுத்துக் கட்டுங்க, தொய்ஞ்ச வலை காத்துல ஆடும், ஆடுற பிடில அவரை சுத்தாது.

எந்த வடிவம்

காராமணிக்கு கூம்பு போதும். ஏழு எட்டடி குச்சி நாலு எடுத்து ரெண்டடி வட்டத்துல ஊனி மேல ஒண்ணா சேத்துக் கட்டுங்க, குச்சிக்கு ஒரு செடி. பத்து நிமிஷ வேலை. அவரைக்கு இது சரிப்படாது, எல்லாக் கொடியும் உச்சில போய் ஒரே பொதரா அடைஞ்சுக்கும், உள்ள காத்து போகாது, அசுவினிப் பூச்சி கொண்டாட்டமா குடித்தனம் பண்ணும்.

வேலி மாதிரி ஒரே வரிசையா போடுறது ரெண்டுக்குமே ஒத்துவரும். ரெண்டு தூண், நடுவுல ஆறேழு அடி, மேல ஒரு குறுக்குக் கம்பு, கீழ தரையிலேர்ந்து அரையடில ஒரு கம்பி, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு அடிக்கு ஒண்ணுன்னு நெட்டுக் கயிறு. அபார்ட்மெண்ட் பால்கனிக்கு இதுதான், மேல ஸ்லாப்ல இருக்குற கொக்கி, கீழ கிரில், வேற எதுவும் தேவையில்ல.

ஆனா நாட்டு அவரைக்கு பந்தல்தான். ஏன்னா அது நெட்டுக்க ஏறும்போது பெருசா காய்க்காது, மேல போய் பக்கக் கிளை விட்டு பரவுனப்புறம்தான் பூங்கொத்தா நிமிந்து நிக்கும். பந்தல் உயரத்துக்கு டேப்பெல்லாம் வேண்டாம், வீட்ல யாரு காய் பறிக்கிறாங்களோ அவங்கள நிக்க வச்சு கையத் தூக்கச் சொல்லுங்க, மணிக்கட்டு எங்க வருதோ அதான் உயரம். எங்க வீட்ல நான் கட்டுன மொத பந்தல் ஏழரை அடி, அம்மாவுக்கு எட்டல, ஒவ்வொரு தடவையும் என்னை ஆபீஸ் கால் நடுவுல கூப்பிட்டாங்க. இப்போ ஆறேகால் அடி. நான் குனிஞ்சு போறேன், அது பரவாயில்ல.

தரையில பந்தல் போடுறது

ஆறுக்கு எட்டடி பந்தல்னா ரெண்டு மூணு அவரைச் செடிக்கு தாராளம். நாலு மூலைக்கும் ஒண்ணரை அடி குழி, மண்ணு இளக்கம்னா ரெண்டடி. கம்ப எறக்கி சுத்தி செங்கல் துண்டு, ஜல்லி போட்டு கடப்பாரை முனையால குத்திக் குத்தி இறுக்கணும், சும்மா மண்ணத் தள்ளி மிதிச்சா மொத மழைல ஆடும். மண்ணுக்குள்ள போற பாகத்த நெருப்புல வாட்டி கருக்கிக்கிட்டா கரையான் கொஞ்சம் தள்ளிப்போகும். பழைய இன்ஜின் ஆயில் தடவுறவங்க இருக்காங்க, திங்கிற செடி நிக்கிற மண்ணுல அது எதுக்கு.

தூண நேரா நடாம ஒரு விரக்கடை வெளிப்பக்கமா சாச்சு நடுங்க, மேல கம்பிய இழுத்துக் கட்டுனதும் அது நேரா வந்துடும். கரண்டு கம்பத்துக்கு ஸ்டே கம்பி போடுவாங்கல்ல, அதே மாதிரி ஒவ்வொரு மூலை தூணுக்கும் மேலேர்ந்து வெளிப்பக்கமா ஒரு கம்பி இழுத்து தரையில மொளைக்குச்சி அடிச்சு கட்டிடுங்க. இது பாக்க தேவையில்லாத மாதிரி தெரியும், ஆனா ஈரத்தோட முழு பந்தல் என்ன கனம் கனக்கும்னு ஒரு மழை நாள்ல கீழேர்ந்து தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்.

மேல நாலு பக்கமும் கம்பு வச்சு கட்டுக்கம்பியால முறுக்கிக் கட்டுங்க, முறுக்குன முனைய உள்பக்கமா மடக்கிவிடுங்க, இல்லைன்னா பறிக்கும்போது கை கிழியும். அப்புறம் ஒண்ணரை அடிக்கு ஒண்ணுன்னு நீளவாக்குல கம்பி, குறுக்க தேங்கா நார்க் கயிறு. முழுக்க கம்பி போட்டா ஒல்லிக் கம்பி காத்துல ஆடி ஆடி கொடியோட தண்ட அறுக்கும், அதான் பாதிக்குப் பாதி கயிறு. தேனி பக்கம் திராட்சைக்கு கல்கால் நட்டு போடுற பந்தல பாத்தவங்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்காது.

மொட்டை மாடில போடுறது

தளத்துல டிரில் போடாதீங்க. தட்டோடு பதிச்ச தளத்துல ஒரு ஓட்டை போட்டா மழைக்காலத்துல கீழ் வீட்டு பெட்ரூம் சீலிங்ல அது தெரியும், வாடகை வீடுன்னா கேக்கவே வேண்டாம். அதுக்கு பதிலா 20 லிட்டர் பெயிண்ட் வாளி நாலு எடுத்து, நடுவுல தூணவிட கொஞ்சம் பெரிய பைப் துண்டு ஒண்ண நிக்க வச்சு, சுத்தி கான்கிரீட் ஊத்திடுங்க. காஞ்சதும் அந்தத் துண்டுக்குள்ள தூண சொருகலாம், வேண்டாதப்ப உருவிடலாம். முழு வாளி கான்கிரீட் ஒண்ணு கிட்டத்தட்ட 45 கிலோ வரும், அதனால மேல கொண்டுபோய் வச்சுட்டு ஊத்துங்க, கீழ ஊத்திட்டு தூக்கப் பாக்காதீங்க. வீட்டுக் கட்டடத்தோட தூணும் சுவரும் சேர்ற ஓரமா வாளிய வைங்க, தளத்துக்கு நடுவுல வேண்டாம்.

நான் மொதல்ல கான்கிரீட் ஊத்தல, வாளில மண்ண நெரப்பி அதுல தூண நட்டேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப பந்தல் முழுக்க காய், பறிக்க மனசு வரல, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். ராத்திரி முழுக்க மழை, வாளி மண்ணு சேறாகி தூணுங்க ஒண்ணொண்ணா சாஞ்சு, காலைல கதவைத் திறந்தா பந்தல் முழுசா தண்ணி டாங்க் மேல சாஞ்சு படுத்திருக்கு. அதுல ஒரு ஆறுதல், டாங்க் இல்லைன்னா பக்கத்து வீட்டு ஷீட்டு மேல விழுந்திருக்கும்.

அதுலேர்ந்து ரெண்டு விஷயம் மாத்தினேன். வாளி கான்கிரீட் ஆச்சு, அது போக கைப்பிடிச் சுவர்ல உள்பக்கமா நாலு கிளாம்ப் அடிச்சு ஒவ்வொரு தூணையும் சுவரோட சேத்துக் கட்டிட்டேன். புயல் எச்சரிக்கை வந்தா மொத வேலை முத்துனது, பிஞ்சு ரெண்டையும் பறிச்சிடுறது, அடுத்தது ஓரத்துல தொங்குற பக்கக் கொடிய மூணுல ஒரு பங்கு வெட்டி கனத்த குறைக்கிறது. மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ரெண்டு வாரத்துல மறுபடி துளிர்க்கும்.

செடிக்கு 15 இஞ்ச் அகலம் 15 இஞ்ச் ஆழத்துக்குக் குறையாத பை, இல்ல அதே 20 லிட்டர் வாளி, ஒண்ணுக்கு ஒரு அவரை, காராமணின்னா ரெண்டு. பைய தூணுக்கு ரொம்ப ஒட்டி வைக்காதீங்க, தண்ணி ஊத்தவும் களை எடுக்கவும் கை போகணும்.

விதைக்கிறது

அவரைய ஆடி 18க்குள்ள போட்டுடுங்க, ஆவணி நடுவுக்கு மேல தள்ளிப்போனா பந்தல் ரொம்பறதுக்குள்ள பூக்க ஆரம்பிச்சுடும், காய் குறையும். விதைய ராத்திரி முழுக்க ஊறப்போடுற பழக்கம் வேண்டாம், மூணு நாலு மணி நேரம் போதும், ரொம்ப ஊறுனா வெடிச்சு அழுகிடும். ஒரு இஞ்ச் ஆழம், ஒவ்வொரு கயித்துக்கும் கீழ ரெண்டு விதை, நல்லா வந்த ஒண்ண வச்சுக்கிட்டு இன்னொண்ண பிடுங்காம கத்திரிக்கோலால வெட்டுங்க, பிடுங்குனா ரெண்டு வேரும் சேந்து வரும்.

கயிறு விடுறதும் கொடிய ஏத்துறதும்

இதுதான் முக்கியமான இடம், மெதுவா படிங்க. கயித்தோட மேல் முனைய பந்தல் கம்பில கட்டிட்டு, கீழ் முனைய செடியோட தண்டுல கட்டாதீங்க, செடிக்கு நாலு விரக்கடை தள்ளி ஒரு மொளைக்குச்சி அடிச்சு அதுல கட்டுங்க. தண்டுல கட்டுனா காத்துல பந்தல் ஆடுற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் செடிய வேரோட சுண்டி இழுக்கும். பையில குச்சி நிக்காதுன்னா ஒரு செங்கல்ல கட்டி மண்ணுக்குள்ள பொதச்சு வைங்க. கயிறு விண்ணுன்னு இருக்கணும், விரலால சுண்டுனா அதிரணும்.

இப்போ கொடி வீச ஆரம்பிச்ச ஒரு நாள் காலைல டீ டம்ளரோட போய் பக்கத்துல உக்காருங்க. நுனி எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குன்னு பாத்து தரையில சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா வேற பக்கம் காட்டும். வெதுவெதுப்பான நாள்ல ரெண்டு மணி நேரம் சொச்சத்துல ஒரு முழு வட்டம் அடிச்சிடும், பிடி எங்க இருக்குன்னு இருட்டுல கைய வீசித் தேடுற மாதிரி. 1865லயே சார்லஸ் டார்வின் கொடிச் செடிங்கள வீட்டுக்குள்ள வச்சு இதே மாதிரி உக்காந்து மணி குறிச்சு எழுதியிருக்காரு, பீன்ஸும் அதுல உண்டு.

எந்தத் திசைல சுத்துதுன்னு கவனிங்க. மேலேர்ந்து பாத்தா கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம், அதாவது கோயில்ல நாம பிரகாரம் சுத்துற மாதிரி இல்ல, அதுக்கு நேர் எதிரா அப்பிரதட்சணமா. அவரை, காராமணி, பீன்ஸ் எல்லாம் அப்படித்தான். நான் மொத வருஷம் இது தெரியாம, ரொம்ப பாசமா, ஒவ்வொரு கொடியையும் என் கைக்கு வாகா பிரதட்சணமா சுத்தி சுத்தி விட்டேன், மறுநாள் போய் பாத்தா எல்லாம் கழண்டு கீழ தொங்குது. சரி கட்டிடுவோம்னு சணல் எடுத்து முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டேன். ஊர்லேர்ந்து வந்த அம்மா பாத்துட்டு, "ஏண்டா, கொடிய எதுக்குக் கட்டிப் போட்டுருக்க, அது என்ன கன்னுக்குட்டியா"ன்னாங்க. எல்லா முடிச்சையும் அறுத்துட்டு நுனிய எடுத்து எதிர்ப்பக்கமா ரெண்டே சுத்து சுத்தி விட்டாங்க. சாயங்காலம் அது தானா மூணாவது சுத்து சுத்தியிருந்துச்சு.

அதனால நீங்க பண்ண வேண்டியது அந்த ரெண்டு சுத்துதான், மதியத்துக்கு மேல பண்ணுங்க, காலைல தண்டு தண்ணியோட வெறைப்பா இருக்கும், லேசா வளைச்சாலே படக்குன்னு ஒடிஞ்சிடும். கட்டாயம் கட்டித்தான் ஆகணும்னா, காத்து ஊருல மொத மூணு வாரம் தேவைப்படும், எட்டு மாதிரி போட்டு ஒரு வளையத்துல கயிறு ஒரு வளையத்துல தண்டு, தண்டு பக்கம் சுண்டுவிரல் போற அளவு தொளதொளன்னு விடுங்க. வாழைநார் இருந்தா அதுதான் பெஸ்ட், தண்ட அறுக்காது.

ஒரு கயித்துல ஒரு கொடி. கீழேர்ந்து ரெண்டடி உயரம் வரைக்கும் வர்ற பக்கக் கிளைய கிள்ளிடுங்க, சத்து மேல போகட்டும், கீழ காத்தோட்டமும் இருக்கும்.

பந்தலுக்கு மேல போனப்புறம்

நெட்டுக்க ஏறத் தெரிஞ்ச கொடிக்கு படுத்துப் பரவத் தெரியாது. பந்தலத் தாண்டி நுனி ஆகாசத்தப் பாத்து நீட்டிக்கிட்டு நிக்கும், ரெண்டடி போனதும் எடை தாங்காம கவுந்து வந்த வழியே கீழ தொங்கும். அதனால பந்தலத் தொட்டதும் ஒரு சாண் விட்டு நுனிய கிள்ளிடுங்க. ஒரு வாரத்துல கீழ் கணுவுலேர்ந்து மூணு நாலு கிளை வரும், அதுல ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு திசைக்கு படுக்க வச்சு கயித்துக்கு மேல ஒரு தடவை கீழ ஒரு தடவைன்னு பின்னி விடுங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் பத்து நிமிஷம் இந்த வேலை. ஒரு மாசம் பண்ணா போதும், அப்புறம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு தானா போகும். இத விட்டவங்க பந்தல்ல ஒரு மூலைல காடு, மூணு மூலைல வானம்னு இருக்கும்.

இலை ரொம்ப அடர்த்தியாகி பூவே காணோம்னா உரத்த நிறுத்துங்க. அவரை வேர் முடிச்சுல தனக்கு வேண்டிய தழைச்சத்த தானே புடிச்சுக்கும், நீங்க மேல மேல சாணியும் யூரியாவும் போட்டா இலைதான் வரும். உள்பக்கம் மஞ்சளான இலைய எடுத்துவிட்டு வெளிச்சம் விழ வைங்க.

அசுவினி வரும், வராம இருக்காது. கருப்பா பூங்கொத்துல எறும்போட சேந்து ஒட்டிக்கிட்டு இருக்கும். கம்மியா இருந்தா தண்ணிய பீய்ச்சி அடிச்சாலே உதுந்துடும், அதிகம்னா லிட்டருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய் கொஞ்சம் சோப்பு கரைசல் கலந்து சாயங்காலத்துல. எறும்பு ஏறி வர்ற வழி நீங்க கட்டுன அதே கயிறும் தூணும்தான், தூண் அடியில கிரீஸ் ஒரு வளையம் பூசி வச்சா அந்தப் பக்கம் ஏறாது.

பறிக்கும்போது காய மட்டும் கிள்ளுங்க, கொத்தோட காம்ப ஒடிக்காதீங்க. அதே காம்புல மறுபடி பூக்கும், காராமணிலயும் இதே கதைதான். ஒரு கைல காம்பப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால காய திருகணும், இழுத்தா கொடியே சுத்து கழண்டு வரும்.

சீசன் முடிஞ்சு

காய் குறைஞ்சதும் காராமணின்னா அடியோட வெட்டிடுங்க, வேர மண்ணுலயே விட்டுடுங்க, அடுத்த செடிக்கு அது உரம். அவரைக்கு மாசி பங்குனில காய் குறையும், அதை வேணும்னா அடியோட வெட்டாம ரெண்டடி தண்டு விட்டு கவாத்து பண்ணி தண்ணி காட்டினா அடுத்த ஆடில மறுபடி கொடி வீசும். தரையில நல்லா வரும், பையில எனக்கு ஒரே ஒரு தடவைதான் உருப்படியா வந்துச்சு, அதனால நான் புதுசா விதைச்சுடுறேன். பந்தல்ல காஞ்ச கொடிய அப்பவே அறுத்து இறக்கிடுங்க, மே மாசம் வரைக்கும் விட்டா கட்டையா காஞ்சு கயிறோட ஒட்டிக்கும். தேங்கா நார்க் கயிறு நல்லா இருந்தா ரெண்டாவது வருஷமும் ஓடும், முறுக்கிப் பாத்து தூள் கொட்டுனா மாத்திடுங்க.

விதைக்கு நல்லா காய்ச்ச செடில, கை எட்டுற எடத்துல ரெண்டு கொத்த பறிக்காம விட்டு நெத்தாக விடுங்க. ஆட்டுனா உள்ள கடகடன்னு சத்தம் வரணும், அப்போ எடுத்து நிழல்ல ரெண்டு நாள் காய வச்சு, கொஞ்சம் சாம்பலோட கலந்து பாட்டில்ல போட்டு இறுக மூடி, மேல பேரும் மாசமும் எழுதி ஒட்டிடுங்க. நான் போன வருஷம் எழுதாம விட்டு, பட்டை அவரையும் கோழி அவரையும் கலந்துபோய், இப்போ மாடில எந்தக் கயித்துல எது ஏறுதுன்னு பூ வந்தாத்தான் தெரியும்ங்கிற நிலைமைல இருக்கேன்.